ஆறும் காயமும் ஆறாத புண்ணும்: தோலைக் காக்கும் உயிரணுக்களின் பணி

காய்கறி நறுக்கும்போது விரலில் படும் வெட்டு பெரும்பாலும் ஒரு வாரத்தில் ஆறிவிடும். அடுத்த மாதம் எந்த விரலில் வெட்டுப்பட்டது என்பதே மறந்துபோகும். ஆனால், புதுக் காலணி உரசியதால் குதிகாலில் வந்த சிறு கொப்புளம், நீரிழிவு நோயாளி ஒருவருக்கு ஒரு மாதமாகியும் மூடாமல் இருப்பதுண்டு.

இரண்டும் தோலில் ஏற்பட்ட சிறு காயங்கள்தான். ஒன்று ஆறுவதற்கும் மற்றொன்று ஆறாமல் போவதற்கும் பூசும் மருந்து மட்டும் காரணமன்று. நோய் எதிர்ப்பு உயிரணுக்கள் காயம்பட்ட இடத்துக்கு உரிய நேரத்தில் வருகின்றனவா, வந்த வேலை முடிந்ததும் விலகுகின்றனவா என்பதும் அதைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

நோய் எதிர்ப்பாற்றல் என்றாலே கிருமிகளுடன் நடக்கும் போர் என்று பலரும் நினைக்கின்றனர். தோலைப் பொறுத்தவரை அது பாதிக் கதைதான். கிருமியை அழிக்கும் அதே உயிரணுப் படைதான் சிதைந்த பகுதியைத் துப்புரவு செய்கிறது, புதுத் திசு வளரக் கட்டளையிடுகிறது, பின்னர் சண்டையை நிறுத்தவும் சொல்கிறது.

இது தமிழர்கள் குறிப்பாகத் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி. சிங்கப்பூரின் 2010ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில், 18 முதல் 69 வயது வரையிலானவர்களில் 11.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அந்த விகிதம் 17.2 விழுக்காடு. மலேசியாவில் 2019ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட தேசிய சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. ஆறாத காற்புண் இந்நோயின் மிக மோசமான விளைவுகளில் ஒன்று.

தோலுக்குள் ஒரு காவற்படை

பெரியவர் ஒருவரின் தோலை விரித்தால் ஒன்றரை முதல் இரண்டு சதுர மீட்டர் வரை பரப்பளவு இருக்கும். அதன் மேல்தோல் உடலின் பெரும்பாலான இடங்களில் ஒரு தாளின் தடிப்புதான். கெரட்டின் என்னும் புரதத்தை உருவாக்கும் உயிரணுக்கள் அங்கு அடுக்கடுக்காக அமைந்திருக்கின்றன. அடியில் உருவாகும் புதிய உயிரணு மெல்ல மேலேறி, உலர்ந்து, ஏறத்தாழ நான்கு வாரங்களில் உதிர்ந்துவிடும். மேல்தோலுக்குக் கீழே உள்ள அடித்தோலில் இரத்தக் குழாய்கள், நரம்புகள், வியர்வைச் சுரப்பிகள், முடிவேர்கள் ஆகியவை உள்ளன. கொலாஜன் என்னும் புரத இழைகள் அதற்கு உறுதி தருகின்றன.

இந்த இரு அடுக்குகளிலும் நோய் எதிர்ப்பு உயிரணுக்கள் நிரந்தரமாகக் குடியிருக்கின்றன. மேல்தோலில் இருப்பவற்றுள் முக்கியமானவை லாங்கர்ஹான்ஸ் உயிரணுக்கள். மேல்தோல் உயிரணுக்களில் நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு வரை இவ்வகையைச் சேர்ந்தவை. கிளைபோன்ற கரங்களை நீட்டி, உள்ளே நுழையும் அந்நியப் பொருளை இவை பிடித்துக்கொள்கின்றன. பிறகு அருகிலுள்ள நிணநீர்க் கணுவுக்குச் சென்று, பிடித்ததை மற்ற உயிரணுக்களுக்குக் காட்டி அடையாளம் சொல்கின்றன.

இவற்றை 1868ஆம் ஆண்டில் முதன்முதலில் விவரித்தவர் பால் லாங்கர்ஹான்ஸ். அப்போது அவர் பெர்லினில் மருத்துவ மாணவர். கிளைகள் கொண்ட தோற்றத்தைப் பார்த்து அவற்றை நரம்பு உயிரணுக்கள் என்றே அவர் கருதினார். அடுத்த ஆண்டே கணையத்தில் தீவுகளைப் போல் திரண்டிருந்த உயிரணுக் கூட்டங்களையும் அவர் விவரித்தார். இன்சுலின் சுரப்பது அந்தத் தீவுகளில்தான் என்பது பின்னர் தெரியவந்தது. தோலின் காவலர்களோடும் நீரிழிவோடும் தொடர்புடைய இரு உயிரணு வகைகளுக்கும் இன்று ஒரே மனிதரின் பெயர் வழங்குகிறது.

லாங்கர்ஹான்ஸ் உயிரணுக்கள் எங்கிருந்து வருகின்றன என்ற கேள்விக்கு விடை தேடியதில் சிங்கப்பூருக்கும் பங்குண்டு. சிங்கப்பூர் நோய் எதிர்ப்பியல் கட்டமைப்பைச் சேர்ந்த ஃபுளோரன்ட் ஜின்ஹூவின் குழு 2012ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, எலிகளில் இவ்வுயிரணுக்கள் கருவிலேயே உருவாகித் தோலில் குடியேறுவதைக் காட்டியது. பெரும்பான்மையானவை கருவின் கல்லீரலிலிருந்து வருகின்றன. அதன் பிறகு தோலிலேயே பெருகித் தங்களைப் புதுப்பித்துக்கொள்கின்றன.

அடித்தோலில் இருக்கும் மாஸ்ட் உயிரணுக்கள் எச்சரிக்கை மணி போன்றவை. கொசு கடித்த சில நிமிடங்களில் தோல் தடித்து அரிப்பதற்கு இவை வெளியிடும் ஹிஸ்டமின் காரணம். அதே ஹிஸ்டமின், காயம்பட்டால் இரத்தக் குழாய்களை விரித்து உதவிப் படை உள்ளே வர வழிவிடுகிறது.

மற்றொரு பெரும்படை ‘டி’ உயிரணுக்கள். முன்பு சந்தித்த கிருமியை நினைவில் வைத்திருப்பவை இவை. பெரியவர் ஒருவரின் தோலில் ஏறத்தாழ 2,000 கோடி ‘டி’ உயிரணுக்கள் இருப்பதாக 2006ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு கணக்கிட்டது. உடல் முழுவதும் ஓடும் இரத்தத்தில் உள்ளவற்றைக் காட்டிலும் அது ஏறக்குறைய இரு மடங்கு.

காசநோய்க்கான தோல் பரிசோதனை இந்த நினைவாற்றலைக் கண்முன் காட்டுகிறது. முன்கையில் சிறிதளவு மருந்தைச் செலுத்திவிட்டு, இரண்டு மூன்று நாள் கழித்து வரச் சொல்வார்கள். காசநோய்க் கிருமியையோ பிசிஜி தடுப்பூசியையோ முன்பே சந்தித்த ‘டி’ உயிரணுக்கள் அங்குக் கூடினால் அந்த இடம் தடித்திருக்கும். அவை கூடுவதற்கு அவ்வளவு நேரம் தேவைப்படுவதால்தான் காத்திருப்பும்.

காயம் ஆறும் நான்கு கட்டங்கள்

தோல் கிழிந்ததும் முதலில் நடப்பது இரத்தம் உறைவது. சில நிமிடங்களில் இரத்தத் தட்டணுக்கள் ஒட்டிக்கொண்டு அடைப்பை ஏற்படுத்துகின்றன. அந்த உறைகட்டி வெறும் அடைப்பன்று. அதிலிருந்து கசியும் வேதிப்பொருள்கள் நோய் எதிர்ப்பு உயிரணுக்களுக்கு அழைப்பு அனுப்புகின்றன.

இரண்டாம் கட்டம் அழற்சி. அழைப்பைக் கேட்டுச் சில மணி நேரத்தில் வந்து சேருபவை நியூட்ரோஃபில்கள். இரத்த வெள்ளையணுக்களில் பாதிக்கும் மேற்பட்டவை இவைதான். முதல் இரண்டு நாள்களில் இவற்றின் எண்ணிக்கை உச்சத்தைத் தொடும். கிருமிகளை விழுங்குகின்றன, அவற்றைக் கொல்லும் பொருள்களைக் கொட்டுகின்றன, விரைவில் மடிந்தும் போகின்றன. சீழில் பெரும்பகுதி மடிந்த நியூட்ரோஃபில்களே.

அடுத்து மேக்ரோஃபேஜ் எனப்படும் பெருவிழுங்கி உயிரணுக்கள் இரண்டாம், மூன்றாம் நாளில் பெருமளவில் வருகின்றன. கிருமிகளையும் சிதைந்த திசுவையும் மடிந்த நியூட்ரோஃபில்களையும் இவை விழுங்கி அப்புறப்படுத்துகின்றன.

காயத்தைச் சுற்றிலும் சிவப்பு, வீக்கம், சூடு, வலி ஏற்படுவது இந்தக் கட்டத்தில்தான். முதல் சில நாள்களில் அளவோடு இருக்கும் அழற்சி, காயம் ஆறத் தொடங்கியதன் அடையாளம். ஆனால், மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் சிவப்பு எளிதில் தெரியாது. அந்த இடம் வழக்கத்தைவிடக் கருமையாகவோ ஊதாவாகவோ தோன்றலாம். எனவே, கண்ணை மட்டும் நம்பாமல் புறங்கையை வைத்துச் சூட்டையும் விரலால் தொட்டு வீக்கத்தையும் பார்ப்பது நல்லது.

மூன்றாம் கட்டத்தில் புதுத் திசு வளர்கிறது. புதிய இரத்தக் குழாய்கள் துளிர்க்கின்றன. இழைகளை உருவாக்கும் உயிரணுக்கள் கொலாஜனை நெய்கின்றன. காயத்தின் விளிம்பிலிருந்து மேல்தோல் உயிரணுக்கள் நகர்ந்து வந்து மூடுகின்றன. இதற்குச் சில நாள்கள் முதல் சில வாரங்கள் வரை ஆகும்.

கடைசிக் கட்டம் சீரமைப்பு. அவசரத்தில் நெய்யப்பட்ட கொலாஜன் பிரிக்கப்பட்டு, மறுபடியும் ஒழுங்காக அடுக்கப்படுகிறது. இது ஓராண்டோ அதற்கு மேலோ நீடிக்கலாம். அப்படியும் தழும்பு பழைய தோலின் வலிமையில் ஏறத்தாழ 80 விழுக்காட்டுக்கு மேல் எட்டுவதில்லை.

விழுங்கும் உயிரணு வளர்க்கவும் செய்கிறது

உயிரணுக்கள் அந்நியப் பொருளை விழுங்குகின்றன என்ற கருத்தை நிலைநாட்டியவர் இலியா மெட்ச்னிகாஃப். 1882ஆம் ஆண்டில் இத்தாலியின் மெசினா நகரில், ஒளி ஊடுருவும் நட்சத்திர மீன் குஞ்சுகளின் உடலில் ரோஜா முள்ளைச் செருகிப் பார்த்தார். மறுநாள் காலை, நகரும் உயிரணுக்கள் முள்ளைச் சூழ்ந்திருந்தன. இப்பணிக்காக 1908ஆம் ஆண்டில் அவர் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பரிசைப் பகிர்ந்த மற்றவர், மாஸ்ட் உயிரணுக்களுக்குப் பெயரிட்ட பால் எர்லிக்.

பெருவிழுங்கிகள் துப்புரவாளர்கள் மட்டுமே என்றுதான் நீண்டகாலம் கருதப்பட்டது. 1975ஆம் ஆண்டில் லீபோவிச், ராஸ் ஆகிய ஆய்வாளர்கள் கினிப்பன்றிகளில் அந்த உயிரணுக்களைப் பெருமளவில் குறைத்துப் பார்த்தனர். காயத்தில் குப்பை தேங்கியது மட்டுமன்றி, கொலாஜன் நெய்யும் உயிரணுக்கள் வருவதும் தாமதமானது. காயம் ஆறுவதை வழிநடத்துவதே பெருவிழுங்கிகள்தான் என்பது அதிலிருந்து தெளிவாகத் தொடங்கியது.

ஒரே உயிரணு இரு வேலைகளையும் எப்படிச் செய்கிறது? தொடக்க நாள்களில் பெருவிழுங்கிகள் அழற்சியைத் தூண்டும் பொருள்களைச் சுரக்கின்றன. மடிந்த நியூட்ரோஃபில்களை விழுங்க விழுங்க அவற்றின் குணம் மாறுகிறது. அழற்சியைத் தணிக்கும் பொருள்களையும் இரத்தக் குழாய், கொலாஜன் வளர்ச்சியைத் தூண்டும் பொருள்களையும் சுரக்கத் தொடங்குகின்றன. காயம் ஆறுவதில் இந்தத் திருப்பமே முக்கியமான தருணம். இது நிகழாவிட்டால் காயம் இரண்டாம் கட்டத்திலேயே சிக்கிக்கொள்ளும்.

அமைதிப்படுத்தும் வேலைக்கென்றே ஒழுங்குபடுத்தும் ‘டி’ உயிரணுக்கள் என்ற ஒரு பிரிவும் தோலில் உள்ளது. முடிவேர்களைச் சுற்றி இவை அதிகம் காணப்படுகின்றன. எலிகளில் இவற்றை அகற்றியபோது முடி மீண்டும் வளர்வது தடைபட்டதை 2017ஆம் ஆண்டில் சான் ஃபிரான்சிஸ்கோவில் உள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். முடிவேரின் மூல உயிரணுக்களை விழித்தெழச் செய்வதிலும் இவற்றுக்குப் பங்குண்டு.

தோல் தன் அனுபவத்தையும் மறப்பதில்லை. அழற்சி ஏற்பட்டுக் குணமான எலித் தோலில் பின்னர் காயம் ஏற்படுத்தியபோது, அது மற்றத் தோலைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு வேகமாக மூடியதாக 2017ஆம் ஆண்டில் ஷ்ருதி நாயக்கும் சக ஆய்வாளர்களும் தெரிவித்தனர். மேல்தோலின் மூல உயிரணுக்களே பழைய அழற்சியை நினைவில் வைத்திருந்தன. ஆனால், இதே நினைவாற்றல் சில தோல் நோய்கள் மீண்டும் மீண்டும் தலைதூக்கவும் காரணமாகலாம் என்று கருதப்படுகிறது.

காவலே தாக்குதலாக மாறும்போது

தோலின் பல நாள்பட்ட நோய்களுக்கு எதிர்ப்பாற்றல் குறைவு காரணமன்று. தேவையற்ற இடத்தில் அது செயல்படுவதே காரணம்.

எக்ஸிமா எனப்படும் தோல் அழற்சியில், ‘டி’ உயிரணுக்களின் ஒரு பிரிவு அளவுக்கு மீறித் தூண்டப்பட்டு, தோலின் தடுப்புச் சுவரைப் பலவீனமாக்கும் செய்திப் பொருள்களைச் சுரக்கிறது. தோல் வறண்டு அரிக்கிறது. சொறியச் சொறியச் சுவர் மேலும் உடைகிறது. இச்செய்திப் பொருள்களில் இரண்டின் செயலைத் தடுக்கும் டுப்பிலுமாப் என்ற ஊசிமருந்துக்கு 2017ஆம் ஆண்டில் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது.

சொரியாசிஸ் நோயில் வேறொரு பிரிவு ‘டி’ உயிரணுக்கள் மேல்தோலை அவசரமாகப் பெருகச் செய்கின்றன. வாரக்கணக்கில் மேலேறி உதிர வேண்டிய உயிரணுக்கள் சில நாள்களிலேயே மேலே வந்து செதில்செதிலாகக் குவிகின்றன. குணமான பிறகும் நினைவு உயிரணுக்கள் அதே இடத்தில் தங்கிவிடுவதால், நோய் திரும்பும்போது பெரும்பாலும் பழைய இடத்திலேயே தோன்றுகிறது.

வெண்புள்ளி நோயில் ‘டி’ உயிரணுக்கள் தோலுக்கு நிறம் தரும் உயிரணுக்களை அழிக்கின்றன. மாநிறத் தோலில் அது பளிச்சென்று தெரிவதால் பாதிக்கப்பட்டவர்கள் அடையும் மன வேதனை அதிகம். இதனை வெண்குஷ்டம் என்று அழைக்கும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. அது தவறான பெயர். தொழுநோய்க்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதில்லை. திருமணப் பேச்சிலும் வேலையிடத்திலும் இதனைக் காரணம் காட்டி ஒருவரை ஒதுக்குவதற்கு மருத்துவ அடிப்படை ஏதும் கிடையாது. இதற்கான ருக்சோலிட்டினிப் களிம்புக்கு 2022ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. அது எதிர்ப்பு உயிரணுக்களுக்குள் செல்லும் தூண்டுதலைத் தடுத்து, நிறம் திரும்ப வாய்ப்பளிக்கிறது.

நீரிழிவு காயத்தை எப்படி நிறுத்திவைக்கிறது

நீரிழிவு நோயாளியின் காலில் மூன்று சிக்கல்கள் ஒன்றுசேர்கின்றன.

முதலாவது நரம்புச் சேதம். நீண்டகாலம் சர்க்கரை கட்டுப்பாடின்றி இருந்தால் பாத நரம்புகள் உணர்விழக்கின்றன. காலணிக்குள் சிறு கல் இருந்தாலும் தெரியாது. கொதிக்கும் வெயிலில் கோயில் வெளிப்பிரகாரத்தில் வெறுங்காலுடன் நடந்து பாதம் வெந்துபோனாலும் வலிக்காது. வலி இல்லை என்பதால் காயமும் கவனிக்கப்படுவதில்லை.

இரண்டாவது இரத்த ஓட்டக் குறைவு. காலுக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் குறுகிவிடுவதால், காயத்துக்குத் தேவையான பிராணவாயுவும் சத்துகளும் எதிர்ப்பு உயிரணுக்களும் போதிய அளவில் சென்று சேருவதில்லை.

மூன்றாவது, வந்து சேரும் எதிர்ப்பு உயிரணுக்களின் குளறுபடி. சர்க்கரை அளவு அதிகமாக இருக்கும்போது நியூட்ரோஃபில்கள் கிருமியை நோக்கி நகரும் ஆற்றலும் அதனை விழுங்கும் ஆற்றலும் குறைகின்றன. கிருமிகள் தங்கிவிடுகின்றன. பெருவிழுங்கிகளோ அழற்சியைத் தூண்டும் நிலையிலிருந்து குணப்படுத்தும் நிலைக்கு மாறத் தவறுகின்றன. அவை தொடர்ந்து தூண்டும் பொருள்களும், புதிதாக நெய்யப்படும் கொலாஜனையே கரைக்கும் நொதிகளும் காயத்தில் நிரம்பியிருக்கின்றன.

ஆகவே, நாள்பட்ட சர்க்கரைப் புண்ணில் எதிர்ப்பு உயிரணுக்களே இல்லை என்று எண்ணுவது தவறு. பல புண்களில் அவை ஏராளமாக இருக்கின்றன. ஆனால், வேலை நகரவில்லை. எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் என்று விளம்பரம் செய்யப்படும் மாத்திரைகளையும் பானங்களையும் வாங்கிக் குடிப்பதால் இந்தக் குளறுபடி சரியாகிவிடாது. சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது, புண்ணின் மீது உடல் எடை அழுந்தாமல் பார்த்துக்கொள்வது, அழுகிய திசுவை முறைப்படி அகற்றுவது, கிருமித்தொற்றுக்குச் சிகிச்சை அளிப்பது, இரத்த ஓட்டத்தைச் சீராக்குவது ஆகியவையே மருத்துவர்கள் பின்பற்றும் வழி.

நீரிழிவு உள்ளவர்களில் 19 முதல் 34 விழுக்காட்டினருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது காற்புண் வரக்கூடும் என்று 2017ஆம் ஆண்டில் வெளியான ஆய்வுக் கட்டுரை மதிப்பிட்டது. கால் அல்லது விரல் துண்டிக்கப்படும் நிலைக்குச் செல்லும் பல சம்பவங்கள் இத்தகைய ஒரு சிறு புண்ணில்தான் தொடங்குகின்றன.

வீட்டில் செய்யக்கூடியதும் செய்யக்கூடாததும்

காயத்தைத் திறந்து போட்டுக் காற்றில் காயவிட வேண்டும் என்பது பலரின் நம்பிக்கை. 1962ஆம் ஆண்டில் ஜார்ஜ் வின்டர் பன்றிகளிடம் நடத்திய ஆய்வு அதற்கு மாறான விடையைத் தந்தது. மெல்லிய படலத்தால் மூடி ஈரப்பதத்துடன் வைக்கப்பட்ட காயத்தில், திறந்திருந்த காயத்தைவிட ஏறத்தாழ இரு மடங்கு வேகமாக மேல்தோல் வளர்ந்தது. உலர்ந்த பொருக்குக்கு அடியில் உயிரணுக்கள் நகர வழி தேடித் திணறுகின்றன. சிறு காயத்தை ஓடும் சுத்தமான நீரில் கழுவி, பிளாஸ்திரியால் மூடுவதே நல்லது.

இரத்தம் வந்தால் காப்பித்தூளை அப்புவது, தீப்பட்ட இடத்தில் பற்பசையைப் பூசுவது போன்ற பழக்கங்களைக் கைவிட வேண்டும். அத்துகள்களும் உயிரணுக்களுக்கு அந்நியப் பொருள்கள்தான். குணப்படுத்த வேண்டிய பெருவிழுங்கிகள் அவற்றை அகற்றுவதில் நேரத்தைச் செலவிட நேரும். மஞ்சளில் உள்ள குர்குமின் அழற்சியைத் தணிக்கும் தன்மையுடையது என்று ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியுள்ளன. ஆனால், சமையலறை டப்பாவில் இருக்கும் மஞ்சள்தூள் கிருமி நீக்கப்பட்டதன்று. திறந்த புண்ணில், குறிப்பாக நீரிழிவு நோயாளியின் புண்ணில், அதைத் தூவக்கூடாது. கடுமையான கிருமிநாசினிகளை நாள்தோறும் ஊற்றுவதும் புதிதாக வளரும் உயிரணுக்களைச் சேதப்படுத்தும்.

ஸ்டீராய்டு களிம்புகள் விஷயத்தில் கவனம் தேவை. எதிர்ப்பு உயிரணுக்களை அடக்கி அழற்சியைக் குறைப்பதே அவற்றின் வேலை. மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நாள்களுக்குப் பூசினால் எக்ஸிமா போன்ற நோய்களுக்கு அவை நல்ல மருந்து. கேள்வி கேட்காமல் மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, காயம் ஆறுவதும் தாமதமாகும். படர்தாமரையில் பூசினால் அரிப்பு அடங்கியதுபோல் தோன்றும். ஆனால், காவல் தளர்ந்ததால் பூஞ்சை உள்ளுக்குள் பரவும்.

இணையத்திலும் சந்தைகளிலும் ‘இயற்கை’ என்ற பெயரில் விற்கப்படும் சில அரிப்புக் களிம்புகளிலும் நிறமேற்றும் களிம்புகளிலும் ஸ்டீராய்டு மறைத்துக் கலக்கப்பட்டிருப்பதாகச் சிங்கப்பூரின் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை எச்சரித்துள்ளது. ஓரிரு நாளில் அதிசயமாகக் குணம் தெரியும் களிம்பைச் சந்தேகத்துடன் பார்ப்பது நல்லது. ஏற்கெனவே நீண்டகாலம் பூசி வந்தவர்கள் திடீரென நிறுத்தாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

வெயிலும் தோலின் காவலைக் குறைக்கும். புற ஊதாக் கதிர்கள் லாங்கர்ஹான்ஸ் உயிரணுக்களின் எண்ணிக்கையைக் குறைத்து, தோலின் எதிர்ப்பாற்றலைத் தற்காலிகமாக மந்தப்படுத்துகின்றன. கறுத்த தோலின் நிறமி ஓரளவு பாதுகாப்புத் தந்தாலும் முழுப் பாதுகாப்பு அன்று. ஆறிவரும் காயத்தில் வெயில் பட்டால் தழும்பு மேலும் கறுக்கவும் கூடும்.

மனமும் காயமும்

காயம் ஆறும் வேகத்தில் மன உளைச்சலுக்கும் பங்குண்டு. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1995ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், முதுமை மறதி நோயுள்ள உறவினரைப் பராமரித்து வந்த 13 பெண்களும், அத்தகைய பொறுப்பில்லாத 13 பெண்களும் கலந்துகொண்டனர். அனைவரின் கையிலும் ஒரே அளவில், மூன்றரை மில்லிமீட்டர் அகலத்தில் சிறு காயம் ஏற்படுத்தப்பட்டது. பராமரிப்பாளர்களின் காயம் முழுமையாக ஆறச் சராசரியாக ஏறத்தாழ 49 நாள்கள் ஆயின. மற்றவர்களுக்கு 39 நாள்களே ஆயின.

உளைச்சலின்போது சுரக்கும் கார்ட்டிசால், ஸ்டீராய்டு மருந்தைப் போலவே எதிர்ப்பு உயிரணுக்களை அடக்குகிறது. வயதான பெற்றோரையோ நோயுற்ற துணைவரையோ வீட்டில் பராமரிப்பவர்களின் உறக்கமும் ஓய்வும் அவர்களுடைய உடல்நலத்துக்கும் அவசியம் என்பதை இந்தப் பத்து நாள் வித்தியாசம் உணர்த்துகிறது.

புகைபிடிப்பதும் காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தும். அது தோலின் இரத்தக் குழாய்களைச் சுருக்கி, பிராணவாயுவைக் குறைக்கிறது. உணவில் புரதம் போதாமல் இருந்தாலும் உடலால் புதுத் திசுவை நெய்ய முடியாது. சோற்றைக் குறைக்கும் நீரிழிவு நோயாளிகள் பருப்பு, முட்டை, மீன், தவ்வு போன்றவற்றையும் சேர்த்துக் குறைத்துவிடக் கூடாது. சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் மட்டும் புரதத்தின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

எப்போது மருத்துவரிடம் செல்ல வேண்டும்?

நீரிழிவு இல்லாதவர்கள்: காயத்தைச் சுற்றியுள்ள வீக்கமும் சூடும் மூன்றாம் நாளுக்குப் பிறகும் கூடிக்கொண்டே போனால், சீழோ துர்நாற்றமோ வந்தால், காய்ச்சல் கண்டால், இரண்டு வாரமாகியும் காயம் சிறிதாகவில்லை என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

நீரிழிவு உள்ளவர்கள்: காலில் கொப்புளம், வெட்டு, தோலின் நிற மாற்றம் என எது தெரிந்தாலும் காத்திருக்காமல் ஓரிரு நாளில் காட்ட வேண்டும். வலி இல்லை என்பது தள்ளிப்போடுவதற்குக் காரணமாகாது. புண்ணுடன் காய்ச்சல், பரவும் வீக்கம், கறுத்துப்போன விரல் ஆகியவை இருந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

சிங்கப்பூரின் பலதுறை மருந்தகங்களில் நீரிழிவு நோயாளிகளுக்குக் காற்பரிசோதனை செய்யப்படுகிறது. மலேசியாவில் அரசாங்க கிளினிக் கெசிஹாத்தான் நிலையங்களில் இதைக் கேட்டுப் பெறலாம். மெல்லிய நைலான் இழையால் பாதத்தின் சில இடங்களைத் தொட்டு உணர்விருக்கிறதா என்று பார்ப்பார்கள். நாடித்துடிப்பைச் சோதிப்பார்கள். வலியில்லாத, சில நிமிடங்களில் முடியும் சோதனை இது. ஆண்டுக்கு ஒருமுறையாவது செய்துகொள்வது அவசியம்.

வீட்டில் ஒவ்வோர் இரவும் பாதத்தின் அடிப்பகுதி, குதிகால், விரலிடுக்கு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர்கள் தரையில் கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம் அல்லது பிள்ளைகளிடமும் பேரப்பிள்ளைகளிடமும் பார்க்கச் சொல்லலாம். விரலிடுக்கில் வரும் சேற்றுப்புண்ணையும் அலட்சியப்படுத்தக் கூடாது. அந்த வெடிப்பு கிருமிகளுக்குத் திறந்த வாசல். குளித்ததும் விரலிடுக்கைத் துடைத்து உலர்த்துவது, காலணிக்குள் கைவிட்டுப் பார்த்த பிறகே அணிவது, வெந்நீரை முழங்கையால் தொட்டுப் பார்த்த பிறகே காலில் ஊற்றுவது, கோயிலுக்கு வெயில் ஏறுவதற்கு முன்பே சென்று வருவது ஆகிய பழக்கங்களுக்குச் செலவே இல்லை.

தோலின் காவற்படை கருவிலிருந்தே நம்முடன் இருக்கிறது. அதற்கு ஊக்கமருந்து தேவையில்லை. சர்க்கரை கட்டுக்குள் இருந்து, இரத்தம் ஓடி, காயம் சுத்தமாக இருந்தால், எப்போது வர வேண்டும், எப்போது விலக வேண்டும் என்பது அதற்குத் தெரியும். அந்த வாய்ப்பை அதற்குத் தருவதும், அது திணறும்போது தாமதிக்காமல் மருத்துவ உதவியை நாடுவதும் நம் கையில் உள்ளன.